டாலாவின் பதினொரு வீடுகளும் நான் எழுதிய ஒரு வரியும்

போன பொங்கல் விடுமுறையில் ஐந்து நாள் பர்மாவின் யாங்கோன் நகருக்குப் போய் வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு வரியைத் திரும்பப் பெற முடியுமா என்று பார்க்கப் போனேன். அதே வழியில் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று நேரம், செலவு, தூரம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் அவற்றை மட்டும் எழுத முடியவில்லை.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். என் துறை சோழர் காலத்து நாட்டார். அரசன் பெயரில் சாசனம் வெட்டப்பட்டாலும், எந்த நிலம் எங்கே முடிகிறது என்று சொல்லும் அதிகாரம் அந்தந்த நாட்டின் நிலக்காரக் குடும்பங்களிடம்தான் இருந்தது. பெண் யானையை முன்னே நடத்தி, பின்னால் நாட்டார் நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறிப்பார்கள். அந்த நடையை வெறும் சடங்கு என்றுதான் இருபது வருடமாக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன்.

யாங்கோனிலிருந்து செல்வம் என்பவர் ஒருநாள் மின்னஞ்சல் அனுப்பினார். அப்பா தமிழர், துறைமுகத் தொழிலாளி. அம்மா, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவைச் சேர்ந்த பர்மியப் பெண். அம்மா வழியில் ஒரு பரபைக் இருக்கிறது என்றார். பரபைக் என்பது விசிறிபோல் மடிக்கும் கறுப்புத் தாள் ஏடு. வெள்ளை மாக்கல்லால் எழுதுவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்மிய அரசர்கள் ஊர்த்தலைவர்களை அழைத்து வாக்குமூலம் வாங்கினார்கள்: நீ யார், உனக்கு முன் யார், உன் ஊரின் நான்கு எல்லை எது. இந்தத் தலைவர்களுக்குத் தூஜி என்று பெயர். செல்வத்தின் வீட்டு ஏடு அப்படி ஒரு தூஜியின் வாக்குமூலம். செல்வம் ஆறு மடிப்புகளின் படமும், தானே எழுதிய தமிழ் அர்த்தமும் அனுப்பி, “இது என்ன மாதிரி உரிமை, காலேஜ் தாளில் எழுதித் தர முடியுமா?” என்று கேட்டிருந்தார்.

எழுதித் தந்தேன். பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் யோசித்த வரி அது. ‘எல்லைக்குட்பட்ட நிலம் சோழர் காலக் காணியைப் போல இக்குடும்பத்தின் பரம்பரை உரிமை எனக் கொள்ளலாம்.’ மறுநாள் தட்டச்சு செய்து முத்திரை வைத்து அனுப்பினேன். பிறகு மறந்துவிட்டேன்.

போன அக்டோபரில் செல்வம் நன்றி சொல்லி ஒரு படம் அனுப்பினார். என் தாள் லேமினேட் செய்யப்பட்டு, பர்மிய மொழிபெயர்ப்போடு ஒரு மனுவில் இணைக்கப்பட்டிருந்தது. டாலாவில் அவர் அக்காவின் நிலத்து ஓரத்தில் பதினொரு குடும்பங்கள் இருக்கின்றன. பர்மிய டெல்டாவை அழித்த 2008ஆம் ஆண்டின் பெரும் புயலுக்குப் பிறகு வந்தவர்கள்; அவர்களைக் குடிவைத்ததே செல்வத்தின் அப்பாதான். இப்போது ஆற்றின் குறுக்கே பாலம் எழும்புகிறது. அந்த இடத்தை ஒரே துண்டாகக் கேட்டு ஆள் வந்திருக்கிறது. பதினொரு வீடுகளையும் காலி செய்யவே அந்த மனு. ஜனவரியில் எல்லை அளக்க வருகிறார்களாம். ‘உங்க தாள்தான் சயாமா பெரிய பலம்’ என்று எழுதியிருந்தார். சயாமா என்றால் ஆசிரியை.

நம் சாசனங்களில் ‘குடிநீக்கி’ என்று ஒரு சொல் வரும். ஏற்கெனவே இருந்த குடிகளை நீக்கிவிட்டு நிலத்தைக் கொடுப்பது. அந்தக் குடிகள் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நானே அதைப் பற்றி எழுதியிருக்கிறேன். நீக்கப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று எந்தக் கல்லிலும் நான் படித்ததில்லை. தேடியதும் இல்லை. அன்று இரவே விசாவுக்கு விண்ணப்பித்தேன்.

விமானம் சென்னையிலிருந்து பாங்காக் வழி. போகவர 31,400 ரூபாய். இணைய விசா 50 டாலர். போட்டாதாங் பகுதியில், ஸ்ட்ராண்ட் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தங்கினேன்; ஓர் இரவுக்கு 38 டாலர், காலை உணவு சேர்த்து. மின்சாரம் அடிக்கடி போகும். புதிய, மடிக்காத டாலர் நோட்டுகளாகக் கொண்டு போங்கள். மூலை கிழிந்த நோட்டை ஹோட்டலில் திருப்பித் தந்துவிட்டார்கள்.

முதல் நாள் மாலை செல்வம் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கட்டம் போட்ட லோஞ்ஜி என்ற பர்மிய லுங்கி, சட்டைப் பையில் இரண்டு பேனா. துறைமுகக் கிடங்கில் எழுத்தர். அங்கே அவர் பெயர் கோ வின். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை.

“எழுதுனது தப்புன்னு சொல்லவா இம்மாந்தூரம் வந்தீங்க? அத ஒரு மெயில்ல போட்டுருக்கலாமே சயாமா.”

“போன தடவை மெயிலில் போட்டதுதான் வினை.”

கொஞ்சம் சிரித்தார். “செரி. மொதல்ல பொஸ்தகத்த பாருங்க. பாத்துட்டு அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். எனக்கு வீட்டுல சோறு வேணும்.”

பரபைக், இன்சீனில் ஊ டின் என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரிடம் இருந்தது. பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர். மறுநாள் காலை 8:20க்கு, நகரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் கிளம்பினோம். இன்சீன் சுமார் பதினைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், டிக்கெட் 200 சாட். (சாட் என்பது அவர்கள் பணம், ‘கியாட்’ என்று எழுதுவார்கள்.) பலகை இருக்கை, திறந்த ஜன்னல், கீரைக்கட்டுகளோடு ஏறும் பெண்கள். இன்சீனில் இறங்கினால் பழைய ரயில் பட்டறையின் நீண்ட சுவர் தெரியும். “எங்க பெரியப்பா இதுக்குள்ளதான் முப்பது வருசம்” என்றார் செல்வம்.

ஊ டின் எழுபதைத் தாண்டியவர். கையைக் கழுவித் துடைத்து, உலர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் எங்களை ஏட்டுக்கு அருகே விட்டார். ஈர விரல் பட்டால் மாக்கல் எழுத்து அழிந்துவிடும். அவர் பர்மிய மொழியில் படிக்க, செல்வம் தமிழில் சொன்னார்.

வாக்குமூலம் கொடுத்தவர் ஒரு பெண். செவ்வாய்க்கிழமை பிறந்தவள், வயது ஐம்பத்து மூன்று. எனக்கு முன் என் தாய் இந்த ஊரைப் பார்த்தாள், அவளுக்கு முன் அவள் தகப்பன். கிழக்கே ஓடை. வடக்கே ஆறு. தெற்கே மூன்று இலவ மரங்கள். மேற்கே பெரிய வாய்க்கால்.

“பாத்தீங்களா, அந்தக் காலத்துலயும் பொம்பளதான் ஊர ஆட்டி வச்சிருக்கு” என்றார் செல்வம். ஊ டின் என்னவென்று கேட்டு, மொழிபெயர்த்ததும், தன் மனைவி இருக்கும் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

எனக்கு அனுப்பப்பட்ட ஆறு மடிப்புகள் அங்கே முடிந்தன. ஆனால் ஏட்டில் இன்னும் மூன்று மடிப்புகள் இருந்தன. எழுத்து தேய்ந்திருந்ததால் கேமராவில் விழவில்லை என்று அனுப்பாமல் விட்டிருக்கிறார். ஊ டின் ஏட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடித்தார். ஒரு வரிக்குப் பத்து நிமிடம் ஆனது. தேறியது இவ்வளவுதான்: வாய்க்கால் ஓரத்துக் காட்டை வெட்டித் திருத்தியவர்கள் உழும்வரை அது அவர்களுடையது. அவர்கள் விட்டுப்போனால் வேறு குடியைக் கொண்டுவந்து வைப்பது என் வேலை. அரசருக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பதும் என் வேலை.

செல்வம் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதிரி வாக்குமூலங்களை அப்படியே நம்பக்கூடாது என்று நானே மாணவர்களிடம் சொல்வேன். தலைவர்கள் தமக்குச் சாதகமானதையே அரசரிடம் சொல்வார்கள். வீடுகளைக் குறைத்துச் சொல்வார்கள், எல்லையை நீட்டிச் சொல்வார்கள். அந்த வாய்க்கால் இன்றைய வாய்க்கால்தானா என்பதற்கும் ஆதாரம் இல்லை. அந்தப் பெண் நல்லவளா கெட்டவளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆறு மடிப்பைப் பார்த்துவிட்டு ஒன்பது மடிப்புக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதியவள் நான். நிலத்தின்மேல் ஒருவருக்கு இருந்த பொறுப்பை அந்த நிலத்தின் சொந்தம் என்று எழுதிவிட்டேன். அறைக்குத் திரும்பி, கையோடு கொண்டுவந்திருந்த கல்லூரித் தாளில் இரண்டாவது கருத்தை ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வைத்தேன். முதல் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன்; முழு ஏட்டைப் பார்க்காமல் எழுதியது; இந்த ஏடு இன்றைய எந்த நிலத்துக்கும் உடைமைச் சான்று ஆகாது. ஒரு பக்கம். ஊ டின் மறுநாள் காலையிலேயே போன் வழியாகப் பர்மிய மொழிபெயர்ப்பு அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் டாலா. பன்சோடான் துறைக்குத் தங்குமிடத்திலிருந்து நடந்தே போகலாம், இருபது நிமிடம். வெளிநாட்டினருக்குத் தனி ஜன்னல், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். போகவர 4,000 சாட் கேட்டார்கள். படகு பத்து நிமிடம்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் நெரிசல். கைப்பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். அக்கரையில் சைக்கா என்ற மிதிவண்டி ரிக்‌ஷாக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். விலை பேசிவிட்டு ஏறுங்கள். எங்களுக்கு நாலு கிலோமீட்டருக்கு 5,000 சாட்.

செல்வத்தின் அக்கா டோ கின் மியா. அப்பா வைத்த பெயர் காமாட்சி. அறுபது வயது, கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைப் பூச்சு, நெற்றியில் சின்னக் குங்குமம். சின்ன அரிசிக்கடை வைத்திருக்கிறார். நான் எதிர்பார்த்த மிராசுதாரிணி அல்ல. கூரைத் தகரத்தில் இரண்டு இடத்தில் தார் அடைப்பு. ஒரே மகன் மலேசியாவில். முழங்கால் இரண்டும் போய்விட்டதாகச் சொன்னார்.

பிளாஸ்கிலிருந்து பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். செல்வம் பர்மிய மொழிபெயர்ப்பைப் படித்துக் காட்டினார். கேட்டு முடிக்கும்வரை அவர் முகம் மாறவில்லை.

“அப்ப மொதத் தாள்ல எழுதுனது?”

“தவறு. என் தவறு.”

“படிச்சவுங்க தப்பு பண்ணா கடுதாசி எழுதி மாத்திக்கலாம். நல்ல தொழில்தான்.” சுவரைப் பார்த்துச் சொன்னார். “நான் ஒண்ணு கேக்குறேன் சயாமா. புயலுக்கு எடம் குடுத்தாரு எங்க அப்பா. புயல் போயி எத்தன வருசம் ஆச்சு?”

கேள்வியில் நியாயம் இருந்தது.

“எங்க அம்மா வழி ஊர ஆண்ட வழி. இப்ப எனக்கு மாடி ஏற முடியல, தகரம் மாத்த முடியல. ஆண்ட வழின்னு சொன்னா சைக்காக்காரன் சிரிக்கிறான்.”

“அவன் எல்லாத்துக்குந்தான் சிரிக்கிறான் அக்கா” என்றார் செல்வம்.

“நீ சும்மாரு.” என் தாளை நாலாக மடித்துப் பிளாஸ்குக்கு அடியில் வைத்தார். “நாளைக்கு எல்ல நடக்குறோம். நீங்களும் வாங்க. நடந்துட்டு பேசிக்கலாம்.”

நான்காம் நாள் முதல் படகு பிடித்து 7:30க்கு அங்கே இருந்தேன். அறுவடை முடிந்த வயல். நெல் அரிதாளில் பனி ஈரம். நில அலுவலர் ஒருவரும் அளவுநாடா பிடிக்க இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அங்கே வழக்கம் இது: பழைய குடும்பத்தின் மூத்தவர் முன்னால் நடக்க வேண்டும். அவர் நிற்கும் இடத்தில் சிவப்புப் பூசிய மூங்கில் முளை அடிப்பார்கள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் பின்னால் வர வேண்டும். பிறகு தெரியாது என்று யாரும் சொல்லக்கூடாது. யானை மட்டும்தான் இல்லை.

டோ கின் மியா குடை பிடித்து மெதுவாக நடந்தார். பின்னால் அலுவலர், செல்வம், நான். அதற்கும் பின்னால் பதினொரு வீட்டு ஆட்களும், இடுப்பில் குழந்தைகளோடு. முளை அடிக்கும் ஒலி மட்டும் கேட்டது. ஆற்றுப் பக்கம் முதல் முளை. ஓடைத் திருப்பத்தில் இரண்டாவது. இலவ மரம் ஒன்றுகூட இல்லாத தெற்கு மூலையில் மூன்றாவது. அங்கே அவர் தயங்கவே இல்லை. மரங்கள் இன்னும் நிற்பதைப் போல ஒரு இடத்தில் நின்று, “இங்க” என்றார். அலுவலரும் கேள்வி கேட்கவில்லை. ஏடு சொல்வதைவிட அவர் சொல்வதுதான் அங்கே எல்லை.

மேற்கே வாய்க்காலுக்கு ஓரமாகப் போனால் வீடுகள் வெளியே நின்றுவிடும். மனுவோடு கொடுத்த வரைபடத்தில் கோடு வாய்க்காலைத் தாண்டி நேராகப் போகிறது. அந்தக் கோட்டின் வழியில் முதல் வீடு மா தே என்ற பெண்ணுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும், படகுத்துறையில் மீன் விற்பவள். மூங்கில் சுவர், நீர்ப்பனை ஓலைக் கூரை. டோ கின் மியா வாய்க்கால் மேலிருந்த பலகையைக் கடந்து நேராக நடந்தார்.

கோடு வீட்டின் வாசலில் நுழைந்து, அடுப்பின் மேல் போய், பின் சுவரில் வெளியேறுகிறது. அலுவலர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னதைச் செல்வம் எனக்குச் சொன்னார்: “சுத்திப் போயிடுங்க அம்மா, தாள்ல நேரா போட்டுக்கலாங்கிறார்.”

டோ கின் மியா பர்மிய மொழியில் சுருக்கமாகப் பதில் சொன்னார். நடக்காத இடம் எப்படி எல்லையாகும் என்று கேட்டாராம்.

வாசலுக்கு வந்தார். குடையை மடக்கினார். பிறகு, கையால் சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு காலாகச் செருப்பைக் கழற்றினார். அந்த ஊரில் செருப்போடு யாரும் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டார்கள். கழற்றவேண்டும் என்று யோசித்துக் கழற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. வாசல் வந்தது, கால் தானாகக் கழற்றியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மா தே முன்னால் ஓடினாள். அடுப்பிலிருந்த பானையை இறக்கி ஓரமாக வைத்தாள், வழி விடுவதற்கு. பாயைச் சுருட்டினாள். பிறகு பழக்கத்தில், “சாப்பிட்டாச்சா, டோலே?” என்று கேட்டாள். டோலே என்றால் சித்தி. அங்கே யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

“சாப்பிட்டாச்சு” என்றார் டோ கின் மியா.

ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. இந்தப் பயணத்தில் நான் நேரம் குறிக்க மறந்த இடம் இது ஒன்றுதான். அடுப்பில் விறகு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பிறகு காலை எடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார், அதற்குச் செல்வம் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. பலகையைத் திரும்பக் கடந்து, வாய்க்காலின் இந்தக் கரையில் நின்று, குடைக் காம்பால் தரையைக் குத்தினார்.

“இங்க.”

முளை அடித்தார்கள். அங்கிருந்து வாய்க்கால் ஓரமாகவே ஆறு வரை நடந்தார். வடமேற்கு மூலையில் கடைசி முளை. மணி 9:15. பின்னால் வந்தவர்கள் கலைந்து அவரவர் வேலைக்குப் போனார்கள். யாரும் நன்றி சொல்லவில்லை. மா தே பானையைத் திரும்ப அடுப்பில் ஏற்றியிருப்பாள்.

கடைக்குத் திரும்பியதும் செல்வத்தால் பொறுக்க முடியவில்லை. “என்னக்கா இப்புடி பண்ணிட்ட? எடம் கேட்ட ஆளுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“செருப்ப கழட்டிட்டேன்ல, வீடுன்னு” என்றார் அவர்.

டோ கின் மியா என் பக்கம் திரும்பினார். “நீங்க எழுதுனதுக்காக இல்ல சயாமா. அது இன்னும் பிளாஸ்குக்கு அடியிலதான் கெடக்கு.”

தெரியும் என்றேன். முதல் தாளைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். ஆபீஸ் கோப்பில் கட்டிவிட்டார்கள், வராது என்றார். கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிளாஸ்கைத் தூக்கினார். இரண்டாவது தாளில் வட்டமாக ஈரக்கறை. துடைத்துத் தம்பியிடம் நீட்டினார். “இதையும் கொண்டுபோயி அதே கோப்புல போடு. ஒண்ணு மட்டும் இருக்கக் கூடாது.”

அன்று மதியமே செல்வம் கொடுத்துவிட்டார். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைத்த நகல் என்னிடம் இருக்கிறது. நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்குத் துணிவில்லை. அலுவலர் முளைகளின் இடத்தைப் பென்சிலில்தான் குறித்தார். பாலம் முடிந்ததும் வேறு ஆள், வேறு வரைபடம் வரலாம். டோ கின் மியாவின் தகரக் கூரைக்கும் யாரும் வழி சொல்லவில்லை. அவர் இழந்ததை நான் இழக்கவில்லை என்பதும் நினைவில் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம். கிளம்பும் முன் நம் அரசின் பயண அறிவிப்பைப் பாருங்கள். நிலைமை மாறிக்கொண்டே இருக்கிறது. டாலாவிலிருந்து மாலை ஐந்துக்குள் திரும்பிவிடுங்கள். அங்கே வீடுகளைப் படம் எடுக்காதீர்கள். புயலில் வந்தவர்களைக் காட்டுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். கழற்றி மாட்ட எளிதான செருப்பு போதும், ஷூ வேண்டாம். தமிழில் பேசினால் பதில் வரும் இடங்கள் நிறைய உண்டு. இளையவர்கள் பர்மிய மொழியில் பதில் சொன்னாலும் நாம் சொல்வது புரியும். பழைய ஏடு, பத்திரம் எதையாவது காட்டிக் கருத்துக் கேட்டால், கடைசி மடிப்பு வரை பார்க்காமல் எதுவும் சொல்லாதீர்கள். எழுதித் தராதீர்கள்.

திரும்பி வந்த வாரம் வகுப்பில் சோழர் கால எல்லை நடை பாடம். சடங்கு என்று சொல்ல வாய் வரவில்லை. யானைக்குப் பின்னால் நாட்டார் நடந்தார்கள் என்பதைச் சொல்லிவிட்டு, நாட்டாருக்குப் பின்னால் யார் நடந்திருப்பார்கள் என்று கேட்டேன். சாசனத்தில் இல்லை மேடம் என்றாள் ஒரு மாணவி. அவள் சொன்னது சரி.

டாலா கோப்பில் இப்போது இரண்டு தாள்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே முத்திரை. என்றைக்காவது யாராவது அதைப் பிரித்துப் படிக்கக்கூடும். இரண்டில் எது பிந்தியது என்பதில் அவருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று தேதியை மட்டும் எழுத்திலும் எண்ணிலும் எழுதியிருக்கிறேன்.